கொடிக்கு ஒப்படைத்த பெண்

என் வாய்க்குப் பயப்படாதவர்கள் இந்த ஊரில் குறைவு. சந்தையில் வாட்டிய பன்றிக்கறி விற்கிறேன். முழுப் பன்றியை அடுப்புக்குள் வைத்து விடிய விடிய வாட்டி, காலையில் தலையோடு மேசைமேல் கிடத்தினால் மதியத்துக்குள் எலும்புதான் மிஞ்சும். தராசை விரலால் அமுக்குகிறேன் என்று ஒருமுறை நகரத் தலைவரின் மனைவி சொன்னாள். நான் சொன்ன பதிலை எழுத முடியாது. அன்றிலிருந்து அவள் வேலைக்காரியை அனுப்பித்தான் கறி வாங்குகிறாள். ஸோய்லாவுக்கு நாக்கு எட்டு முழம் என்பார்கள். அந்த நாக்கும் ஒரு நாள் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

யாமிலெத் என் தம்பி ரொலாந்தோவின் மகள். அவளுக்கு நாலு வயதில் அவன் நியூயார்க் போனான். போனான் என்றால் விமானத்தில் அல்ல. எங்கள் மலைக்காரர்கள் போகிற வழியில், ஆள் கடத்துகிறவன் பின்னால், பாலைவனத்தை இருட்டில் தாண்டிப் போனான். அப்படிப் போனவன் திரும்பி வந்தால் மறுபடி உள்ளே நுழைய முடியாது. அதனால் ஆட்கள் வருவதில்லை, அவர்கள் அனுப்புகிற காசில் வீடுகள் மட்டும் மாடிமேல் மாடியாக வளர்கின்றன. எங்கள் வீடும் மூன்று மாடி, நீலக் கண்ணாடி சன்னல். நானும் யாமியும் கீழே அடுப்படியை ஒட்டிய அறையிலேயே காலத்தை ஓட்டினோம். இரண்டாவது மாடியில் அவனுக்கென்று வாங்கிப்போட்ட பெரிய கட்டில், மெத்தையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் கிடந்தது. யாமி அதன்மேல் உட்கார்ந்துதான் படிப்பாள். அவள் புரண்டு உட்காரும்போதெல்லாம் அந்த உறை சரசரக்கிற சத்தம் கீழே எனக்குக் கேட்கும்.

அவன் போன அடுத்த வருடமே அவள் அம்மா துறைமுக ஊரான மச்சாலாவுக்கு வாழைப்பழப் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போனாள். குழந்தையை என்னிடம் விடும்போது "ஒரு வாரம் பாத்துக்கங்க" என்றாள். அங்கே அவளுக்கு வேறு ஆள் கிடைத்தான், வேறு பிள்ளைகள் பிறந்தன. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது என்னை அம்மா என்று கூப்பிடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். கேட்டதில்லை. ஊரே வாங்கிக் கட்டிக்கொள்கிற இந்த வாய், அதை மட்டும் கேட்கவில்லை.

ரொலாந்தோ அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டது யாமிக்குத் தெரியும். ஆஷ்லி என்று ஒரு பெண் பிறந்ததும் தெரியும். போனில் படம் வந்த அன்று ஓடி வந்து காட்டினாள். "தங்கச்சிக்கு என் மூக்கு அத்தை, பாருங்களேன்" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் குவென்கா நகரத்திலிருந்து மனநல ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள், லிசெத் டீச்சர். நல்ல பெண்தான், அடித்தால்கூட திருப்பி அடிக்கத் தெரியாது. ஒரு நாள் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பெற்றோர் கூட்டம் போட்டுத் திரையில் படம் காட்டினாள். அப்பா அம்மா பிள்ளை சேர்ந்த வீடு ஒரு நிறம், அம்மா மட்டும் இருக்கிற வீடு ஒரு நிறம், மற்றவை என்று ஒரு நிறம். எங்கள் ஊரில் மற்றவைதான் கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தது, அத்தைகளும் சித்தப்பாக்களும் மூத்த அக்காக்களுமாக. அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே மட்டமாக நினைத்துக்கொள்கிறார்கள், தன்மதிப்பு குறைவு என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்தேன்.

"டீச்சரம்மா, அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் மடியில வச்சு வளத்து, ஆத்தங்கரையில குடிச்சிட்டுக் கெடக்கறவன் எத்தன பேருன்னு அதுக்கும் ஒரு நிறம் போடுங்க. கூடவே உக்காந்து எண்ணித் தரேன்."

கூடம் சிரித்தது. டீச்சரும் பாவம், சேர்ந்து சிரித்தாள். "விதிவிலக்கும் இருக்காங்க. நம்ம யாமிலெத்தையே பாருங்க" என்று முதல் வரிசையைக் காட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் யாமி பாலத்தில் நின்று கேட்டாள்: "என்னய வச்சு மத்தவங்கள மட்டம் தட்டினாங்களா அத்தை, இல்ல மத்தவங்கள வச்சு என்னயவா?"

"போடி, உன்னயப் புகழ்ந்தாங்க."

"இப்பிடிப்பட்ட வீட்லருந்து வந்தும் பரவால்லன்னு சொன்னாங்க. அது புகழ்ச்சியா?"

கறிக்கு உப்பு வாங்க வேண்டும் என்றேன்.

கொடி விஷயம் அவள் மனதில் புகுந்தது அவளுக்குப் பதினொரு வயதில். கடைசி வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவர் நாட்டுக் கொடியைத் தாங்க வேண்டும். செப்டம்பரில் அதற்கொரு விழா. நாடு முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் பள்ளியில் அதோடு இன்னொன்றும் உண்டு. கொடி தாங்கும் பிள்ளையின் அப்பா மைக் முன் வந்து, "என் மகளைக் கொடிக்கு ஒப்படைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மூவர்ணப் பட்டையைத் தோளில் குறுக்கே போடுவார்கள். அதைக் கேட்காமல் கொடியைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

அந்த வருடம் யாரோ ஒரு லாரிக்காரர் தன் மகளுக்காக அதைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். யாமி வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல், "கொடி எனக்குத்தான் அத்தை" என்றாள்.

"எதுக்குடி? கனமா இருக்கும்."

"அப்பா அதச் சொல்லணும்ல. மைக்ல. எல்லாருக்கும் முன்னாடி."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஏன் படிக்கிறாய், டாக்டராகவா என்று ஊரில் கேட்பார்கள். சிரித்துவிட்டுப் போவாள். எனக்கு மட்டும் தெரியும். வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் தப்பினால் சாப்பிட மாட்டாள். "நான் இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருந்தா அவர் போயிருக்க மாட்டார்" என்று ஒருமுறை காய்ச்சலில் சொன்னாள். நாலு வயதுப் பிள்ளை இதற்கு மேல் எப்படி நன்றாக இருக்க முடியும் என்று நான் திட்டினேன். காய்ச்சல் இறங்கியதும் மறுபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கடைசி வகுப்புக்கு வந்தபோது கொடி அவளுக்கே கிடைத்தது. பஸ் ஓட்டுகிற ஒருவரின் மகள் அனாயி இரண்டாவதாக வந்தாள், மயிரிழை வித்தியாசம். அனாயியின் அப்பா சந்தைக்கு வந்து, "உங்க பொண்ணு எம்பொண்ணத் தூக்கிச் சாப்டுட்டா" என்று கை குலுக்கிவிட்டு, கறியும் வாங்கிப் போனார். நல்ல மனுஷன்.

யாமியின் அம்மாவுக்குப் போன் செய்தோம். அன்று கப்பலுக்குப் பெட்டி ஏற்றுகிறார்கள், வர முடியாது என்றாள். யாமி அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ரொலாந்தோவை வீடியோவில் பெரிய திரையில் காட்டலாம் என்று தலைமை ஆசிரியரே சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற அப்பாக்களுக்காகப் பள்ளி நவீனமாகிவிட்டது என்பதில் அவருக்குப் பெருமை. ரொலாந்தோவும் ஒத்துக்கொண்டான். காலை பத்து மணி, கூரை போடுகிற வேலைக்கு இடையில் வேனுக்குள் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன் என்றான்.

"அப்பா நேத்து ஒத்திகை பாத்தாரு அத்தை" என்றாள் யாமி. "'என் மகளை'ங்கறப்ப குரல் லேசா நடுங்குச்சு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பதை நான் பார்த்துவிடக்கூடாதாம்.

விழா பத்து மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தது. எங்கள் ஊரில் பத்து என்றால் பதினொன்று, பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தால் பன்னிரண்டு. இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை, நானும் எடுத்துக்கொண்டதில்லை. நகரத் தலைவர் வந்தபோதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வந்தவர் சாக்கடைத் திட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாட்டுக் கொடிக்கும் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது நாலு வரிசைக்குக் கேட்டது. ரொலாந்தோ செய்திமேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். எப்போது, எப்போது, எனக்கு நேரமில்லை என்று. இதோ, இதோ என்று நான் பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அந்த நேரத்தில் அவன் ஆஷ்லியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்பதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

கடைசியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கையுறை, முட்டிவரை வெள்ளைக் காலுறை, இழுத்துப் பின்னிய சடை. பட்டையை ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். திரையில் ரொலாந்தோவின் முகம் வந்தது, பள்ளிக்கூடச் சுவர் உயரத்துக்கு. வேனுக்குள்தான் இருந்தான். கூட்டம் கை தட்டியது. யாமி நிமிர்ந்து அந்த முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுங்க ரொலாந்தோ ஐயா" என்றார் தலைமை ஆசிரியர்.

அவன் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை ஒருமுறை பார்த்தான். தொண்டையைச் செருமினான். "நான்... யாமிலெத்தை... கொடிக்கு ஒப்படைக்கிறேன்."

கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை, கை தட்டப் போனார்கள். தலைமை ஆசிரியருக்குத் தெரிந்தது. வழக்கம் என்றால் அவருக்கு ஒரு எழுத்துக்கூடக் குறையக்கூடாது. "முழுசா சொல்லிடுங்க ஐயா. 'என் மகளை'ன்னு."

ரொலாந்தோ சிரித்தான். ஆபீஸரிடம் மாட்டிக்கொண்டவன் சிரிக்கிற சிரிப்பு. "இங்க லைன் சரியில்ல சார்... விட்டு விட்டுக் கேக்குது..."

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "பப்பா, யாரது? யாரோட பேசற?"

அவன் திரும்பினான். போனைத் தாழ்த்திவிட்டால் கேட்காது என்று நினைத்தான் போல. திரையில் வேனின் கூரை தெரிந்தது. குரல் மட்டும், விழாவுக்கென்று வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிகள் வழியாக, சந்தை வரை கேட்டது. "ஒண்ணுமில்லடா கண்ணு. ஊர்ல ஸோய்லா அத்தை இருக்காங்கல்ல, அவங்க பொண்ணு. அத்தை மக உனக்கு."

பிறகு ஒரு சின்ன முகம் திரையை நிறைத்தது. முன்பல் விழுந்த வாய், யாமியின் மூக்கு. "ஹாய்" என்று கை ஆட்டியது. யாமி கையுறை போட்ட கையைத் தூக்கித் திருப்பி ஆட்டினாள். திரை அணைந்தது.

நான் அன்று பேசியிருக்க வேண்டும். மைக் எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இத்தனை வருடம் நான் எந்தச் சொல்லுக்கு ஏங்கினேனோ, அதை அவன் நாய்க்கு எலும்பு போடுகிற மாதிரி என் காலடியில் போட்டிருந்தான். எடுக்கவும் முடியவில்லை, எட்டி உதைக்கவும் முடியவில்லை. அதற்கு மேல் கேட்கத் துணியாமல், பட்டையைப் போடச் சொல்லித் தலைமை ஆசிரியர் கையைக் காட்டினார். யாமி என் பக்கம் தலையைக் குனிந்து, மெதுவாக, "மஞ்சள் மேல வரணும் அத்தை. தலகீழாப் பிடிச்சிருக்கீங்க" என்றாள்.

மாற்றிப் போட்டேன். அவள் மண்டியிட்டாள், கொடியின் ஓரத்தை முத்தமிட்டாள், கூடவே உறுதிமொழி எடுத்த மற்ற பிள்ளைகள் எல்லாரையும்விட சத்தமாக, உறுதி கூறுகிறேன் என்றாள். கொடியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தாள், ஒரு அடி தப்பவில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பெருமைக்குத் தட்டுகிற கைக்கும் பரிதாபத்துக்குத் தட்டுகிற கைக்கும் சத்தம் வேறு. அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

வீட்டில் விருந்துக்கென்று ஒரு முழுப் பன்றி வாட்டி வைத்திருந்தேன். வந்தவர்கள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்கள். எல்லாரும் போன பிறகு ரொலாந்தோ கூப்பிட்டான். என் நாக்கு அப்போதுதான் திரும்பி வந்தது. அவன் பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்துத் திட்டினேன். அவன் அழுதான்.

"அக்கா, அவளுக்கு எல்லாம் தெரியும்கா, என் பொண்டாட்டிக்கு. ஆஷ்லிக்குத்தான் தெரியாது. கொழந்தக்கா அது. அப்பா ஏற்கெனவே ஒரு பிள்ளைய விட்டுட்டு வந்தவருன்னு தெரிஞ்சா, நம்மளயும் விட்டுட்டுப் போயிடுவாரோன்னு தெனமும் பயந்து சாகும்ல. அது எப்பிடித் தூங்கும், சொல்லு."

"அப்ப இவ எப்பிடிடா தூங்கினா இத்தன வருஷம்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. யாமி பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையைத் துடைத்துவிட்டு வந்து போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

"பரவால்ல மாமா" என்றாள். "ஆஷ்லிகிட்ட சொல்லவேணாம். சின்னப் பிள்ள, பயந்துக்கும்."

அந்தப் பக்கம் அவன் "மகளே, மகளே" என்று கத்தினான். ஒத்திகையில் நடுங்கியதாகச் சொன்னாளே, அந்தக் குரல்தான். அதைக் கேட்பதற்குச் சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். அவள் போனை அணைத்து மேசையில் வைத்தாள்.

அடுத்த வாரமே தலைமை ஆசிரியரிடம் போய், கொடியை அனாயிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். கை வலிக்கிறது என்றாளாம். அவர் என்னைக் கூப்பிட்டு, பள்ளியின் வரலாற்றிலேயே இப்படி நடந்ததில்லை என்று வருத்தப்பட்டார். அவருக்கு வரலாறு. எனக்கு, வீட்டுக்கு வந்தால் மாடியில் அந்தப் பிளாஸ்டிக் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் புத்தகத்தைக் கீழேயே வைத்திருந்தாள், திறக்கவில்லை. பட்டையை மட்டும் மடித்து அந்தக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தியிருந்தாள்.

லிசெத் டீச்சர் வீட்டுக்கே வந்தாள், கையில் ஒரு தாள். தன்மதிப்பை அளக்கிற கேள்விகளாம். நான் மதிப்புள்ளவள், என்னிடம் நல்ல குணங்கள் இருக்கின்றன, என்னைப் பற்றி எனக்குத் திருப்தி என்று வரிசையாக இருக்கும், ஆம் இல்லை என்று குறிக்க வேண்டும். யாமி பேனாவை எடுத்து யோசிக்காமல் குறித்துக் கொடுத்தாள். டீச்சர் கூட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"முழு மதிப்பெண் அம்மா. நான் பயந்ததுக்கு, பொண்ணு ரொம்பத் திடமா இருக்கா."

அவள் போன பிறகு, "நெசமாவாடி?" என்று கேட்டேன்.

"எது சரியான பதில்னு அதுலயே தெரியுதே அத்தை" என்றாள். "நான்தான ஃபர்ஸ்ட் ரேங்க்."

அன்று எனக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் கேட்காததைக் கேட்டேன். "அந்தப் பய எந்த வாயால சொன்னானோ போகட்டும். நீ எனக்குப் பொண்ணுதான. என்னய அம்மான்னு கூப்பிடேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தக் கண்ணில், இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். "அவருக்கு வேணாம்னுதான அத்தை உங்ககிட்ட தள்ளினாரு. மச்சாலாவுல இருக்கறவங்களும் அப்பிடித்தான் தள்ளினாங்க. ரெண்டு பேரும் வேணாம்னதுக்கு எதுக்கு இன்னொரு பேரு?"

நவம்பரில் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு போகிற விடுதலை நாள் ஊர்வலம் வந்தது. அன்று சந்தையில் கூட்டம் நெட்டித் தள்ளும். யாமி அணிவகுப்பில் சேரவில்லை, ஏப்ரன் கட்டிக்கொண்டு என் கடையில் நின்றாள். கறியைத் தட்டில் வைத்து, சோளம் அள்ளிப்போட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். அனாயி கொடியோடு கடந்து போனாள். அவள் அப்பா பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டு, நடைபாதையில் கூடவே ஓடிக்கொண்டு படம் எடுத்தார். யாமி கையைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள். பிறகு குனிந்து அடுத்த தட்டை எடுத்தாள்.

குவென்காவிலிருந்து வந்த ஒரு அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டே, "எவ்ளோ சுறுசுறுப்பா இருக்கா. யாரு இது, உங்க பொண்ணா?" என்று என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் பொய்க்கு நான் சாட்சி சொன்னதாகும். இல்லை என்றால் நானும் அவனும் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நான் நிற்கும்போதே யாமி முந்திக்கொண்டாள்.

"யாருமில்லீங்க. சும்மா ஒத்தாசைக்கு இருக்கேன்" என்றாள். "மொறுமொறுன்னு தோல் கொஞ்சம் கூட வைக்கட்டுங்களா?"

நான் கறியை நறுக்கிக்கொண்டே இருந்தேன். போதும் போதும் என்று அந்த அம்மாள் சொல்கிற வரைக்கும் நறுக்கினேன்.